புது வண்டியும் பழைய கையும்

 

"பிக்கப் இல்லை" என்னும் சொல் நம் இல்லங்களில் இன்று அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். ஷோரூமிலிருந்து வண்டி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. இருக்கையின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்பட்டிருக்காது. அதற்குள் வீட்டுப் பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கியர் மாத்துனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது அத்தா" என்று வந்து நிற்கிறான். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி இப்படி ஆகிவிட்டதே என்று அத்தா மனம் குமைகிறார். விற்றவரைத் திட்டுகிறார், தயாரித்தவரைத் திட்டுகிறார், பெட்ரோலைத் திட்டுகிறார்.

வரலாறு படித்துப் பட்டம் பெற்று, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் இயந்திரத்தைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நீங்கள் வினவுவது நியாயமே. நான் இதனை எழுதுவது இயந்திரம் அறிந்தவன் என்பதனால் அன்று. அறியாமல் திட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதனால்தான் எழுதுகிறேன். அந்த அறியாமைக்கு நானும் என் துணைவியாரும் பெரிய விலை கொடுத்திருக்க வேண்டும். அல்லாஹ் காத்தான்.

உடுமலைச் சாலையில் மூன்று விநாடிகள்

குனியமுத்தூரில் என் வீடு. இருபது ஆண்டுகளாக என்னைச் சுமந்த பழைய 100 சிசி வண்டி தளர்ந்து போனதால், புதிதாக 125 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். பழையதில் நான்கு கியர்கள், புதியதில் ஐந்து. வாங்கிய நாள் முதலே ஒரு குறை என் மனத்தை உறுத்தியது. கியரை மாற்றியபின் ஆக்சிலேட்டரை முறுக்கினால், வண்டி உடனே பாய்வதில்லை. ஏதோ யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்று, பெருமூச்சு விட்டு, அதன்பிறகே மெல்ல நகர்ந்தது. "புது வண்டிதானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்று நானே எனக்குச் சமாதானம் கூறிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், உடுமலைப்பேட்டையில் உறவினர் இல்லத் திருமணத்திற்காகப் புறப்பட்டோம். பொள்ளாச்சியைக் கடந்து, கோமங்கலம் வழியாகச் செல்லும் பழைய சாலை. முன்னே தென்னை நார்க் கட்டுகளை மலைபோல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் 35 கி.மீ. வேகத்தில் ஐந்தாவது கியரில் நானும் ஊர்ந்தேன். சாலை காலியாகத் தெரிந்தது. வலப்புறம் ஏறி, ஆக்சிலேட்டரை முழுவதுமாக முறுக்கினேன்.

வண்டி பாயவில்லை. உடல் முழுவதும் அதிர, என்ஜின் முனகியது. லாரியின் பாதி நீளத்தில் நாங்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தோம். அந்நேரம் எதிரே வளைவிலிருந்து ஒரு பேருந்து வெளிப்பட்டது! அதன் ஒலிப்பான் இன்றும் என் செவியில் இருக்கிறது. பிரேக்கை அழுத்தி, லாரியின் பின்னால் மீண்டும் ஒதுங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஓரமாக நிறுத்தினேன். என் துணைவியார் நடுங்கும் குரலில், "என்னங்க, வண்டி ஏன் நின்னு போச்சு?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

அன்பர்களே, இதனைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. 40 கி.மீ. வேகத்தில் எதிரே செல்லும் நாம் 11 மீட்டர் கடக்கிறோம். இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 28 மீட்டர் இடைவெளி குறைகிறது. வண்டி மூன்று விநாடிகள் தயங்கினால், 80 மீட்டருக்கு மேல் நமக்குத் தெரியாமலேயே கரைந்துவிடுகிறது. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஆகவே, "பிக்கப் இல்லை" என்பது வெறும் முணுமுணுப்பு அன்று. ஒரு குடும்பத்தின் உயிர்ப் பிரச்சினை அது.

பட்டறையில் கிடைத்த பாடம்

மறுநாள் கடுங்கோபத்துடன் ஷோரூமுக்குப் புறப்பட்டேன். விற்றவரிடம் பேச வேண்டிய சொற்களையெல்லாம் வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். வழியில் உக்கடம் அருகே என் பழைய வண்டியைப் பல ஆண்டுகள் பழுது பார்த்த மெக்கானிக்கின் பட்டறை. அவரிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்று நிறுத்தினேன். அவர் என் முறையீட்டைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க பாய், லாரிக்குப் பின்னால போறப்ப எத்தனாவது கியருங்க?"

"ஐந்தாவது."

"முந்தறப்ப குறைச்சீங்களா?"

"இல்லை. குறைத்தால் பெட்ரோல் அதிகம் செலவாகுமே? அதோடு, புது வண்டியாயிற்றே. என்ஜினைக் கத்தவிடக் கூடாது என்று மேல் கியரிலேயே மெல்ல ஓட்டுகிறேன்."

அவர் சிரித்தார். பிறகு என் பின்னால் ஏறி அமர்ந்து, "போலாமுங்க" என்றார். பேரூர் செல்லும் சாலையில் அவர் சொன்னபடி ஓட்டினேன். 35 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கச் சொன்னார். பின்பு ஆக்சிலேட்டரைத் திருகச் சொன்னார். என்ன வியப்பு! அதே வண்டி, அதே பெட்ரோல், அதே இரண்டு ஆட்கள். ஆனால் வண்டி கட்டவிழ்த்த காளையாய்ப் பாய்ந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் சொன்ன வாக்கியத்தை நான் மறக்கவே இயலாது: "வண்டி புதுசுங்க பாய். உங்க கைதானுங்க பழசு."

தயக்கம் எங்கிருந்து வருகிறது?

அன்று அவர் விளக்கியதையும், பின்னர் நான் படித்துத் தெளிந்ததையும் உங்கள்முன் வைக்கிறேன்.

கியர் என்பது என்ஜினின் சுழற்சிக்கும் சக்கரத்தின் சுழற்சிக்கும் இடையே உள்ள ஒரு பேரம். தாழ்ந்த கியரில் என்ஜின் பலமுறை சுழன்று சக்கரத்தைச் சிறிதளவே சுழற்றும். ஆனால் வலிமையோடு சுழற்றும். உயர்ந்த கியரில் என்ஜின் குறைவாகச் சுழலும். சக்கரம் வேகமாக ஓடும். ஆனால் இழுக்கும் வலிமை குறைவு. மேட்டில் சைக்கிள் மிதித்தவர்க்கும், மாடிப்படியில் அரிசி மூட்டை சுமந்தவர்க்கும் இந்த உண்மை எளிதில் விளங்கும். இரண்டு படிகளாகத் தாண்டுபவர் விரைவாக ஏறலாம். ஆனால் முதுகில் மூட்டை இருந்தால் ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும்.

என்ஜினுக்கும் தன் வலிமை வெளிப்படும் ஓர் இடம் உண்டு. நம் நாட்டில் ஓடும் 100, 125 சிசி வண்டிகளில் முறுக்கு விசை உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுழற்சிகளில். வேகம் போதாதபோதே நாம் மேல் கியருக்குத் தாவினால், சுழற்சி அதனினும் வெகுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. அந்நிலையில் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும், வலிமையற்ற இடத்தில் நிற்கும் என்ஜின் திணறித்தான் மேலே வர இயலும். அந்தத் திணறலைத்தான் நான் வண்டியின் குறை என்று எண்ணினேன்.

இன்னொன்றும் உண்டு. கியர் மாற்றும்போது நம் கை என்ன செய்கிறது? ஆக்சிலேட்டரை முழுவதுமாக மூடுகிறோம். கிளட்சைப் பிடிக்கிறோம். கியரைத் தட்டுகிறோம். பிறகு சாவகாசமாகக் கிளட்சை விடுகிறோம். இதற்குள் என்ஜினின் சுழற்சி அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. கிளட்சை விட்டதும் ஓடும் சக்கரமே அந்த என்ஜினை இழுத்துச் சுழற்ற வேண்டியதாகிறது. முதுகுக்குப் பின்னிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் ஓர் உணர்வு வருவது இதனால்தான். கியர் மாற்றத்தைச் சுருக்கமாக முடித்து, கிளட்ச் பிடியை விடும்போதே ஆக்சிலேட்டரையும் மெல்லத் திறந்தால் அந்தத் தடை கரைந்துவிடும்.

பழைய வண்டிக்குப் பழகிய கைக்கு மேலும் ஒரு மாற்றம் காத்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் இடத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் கருவியும், அதனை ஆளும் சிறு கணினியும் வந்துள்ளன. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எரிந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று உணர்கருவிகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த அளவை ஒட்டியே கணினி கலவையை அமைக்கிறது. ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுவதுமாக மூடினால், பல வண்டிகளில் அது எரிபொருளையே நிறுத்திவிடும். மீண்டும் திறக்கும்போது எரிபொருள் தொடங்கும் அந்தக் கணத்தில் ஒரு மெல்லிய தயக்கம் தெரியும். அது சிக்கனத்தின் அடையாளம்; கோளாறு அன்று. ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடித் திறக்காமல், நிதானமாகக் கையாண்டால் அதுவும் குறையும்.

மெல்ல ஓட்டுவது வேறு. திணற வைப்பது வேறு

புது வண்டியைப் பழக்கும் காலம் பற்றி நம்மிடையே நிலவும் தவறான எண்ணம் ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும்.

காங்கேயம் பகுதியில் இளங்காளையை நுகத்தில் பழக்குவோர், முதல் நாளே முழுப் பாரம் ஏற்றமாட்டார்கள். என்ஜினும் அவ்வாறே. உள்ளே பிஸ்டன் வளையமும் சிலிண்டர்ச் சுவரும், கியர்ப் பற்களும், கிளட்ச் தகடுகளும் புதியவை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் ஒன்றோடொன்று உரசி, பொருந்தி அமைய வேண்டும். அதுவரை உராய்வு சற்று மிகுதியாகவே இருக்கும். அப்போது தேய்ந்து உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் கலக்கின்றன. அதனால்தான் பெரும்பாலான வண்டிகளுக்கு 500 முதல் 1000 கி.மீ.க்குள் முதல் சர்வீஸ் என்று தயாரிப்பாளர்கள் வரையறுத்துள்ளனர். அதனைத் தள்ளிப் போடுவது பெருந்தவறு.

ஆனால் இதனை நாம் எப்படிப் புரிந்துகொண்டோம்? "மேல் கியரில் போட்டு ஆமைபோல் ஊர்ந்தால் என்ஜினுக்கு நல்லது" என்று புரிந்துகொண்டோம். உண்மை அதற்கு நேர்மாறானது. கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். என்ஜினை அதிவேகமாகச் சுழலவிடக் கூடாது என்று சொல்லும் அதே கையேடு, குறைந்த வேகத்தில் மேல் கியரில் ஓட்டி அதனைத் திணற வைக்கவும் கூடாது என்று எச்சரிக்கும். மேட்டில் ஐந்தாவது கியரில் முனகும் என்ஜின், சமவெளியில் மூன்றாவது கியரில் இலகுவாகச் சுழலும் என்ஜினைவிட மிகுதியாக வருந்துகிறது. ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லாமல், வேகத்தை ஏற்றியும் இறக்கியும், அந்தந்த வேகத்துக்குரிய கியரில் செல்வதே பழக்குவதன் பொருள். திணறும் என்ஜின் நாம் நினைக்கும் அளவுக்கு எரிபொருளைச் சேமிப்பதும் இல்லை.

நான் அன்பு என்று எண்ணிச் செய்தது அந்த வண்டிக்குத் துன்பமாக இருந்தது. அறியாத அன்பு எத்தனை இடங்களில் இவ்வாறு துன்பமாகிறது!

வண்டியைக் கேளுங்கள்

கேட்காமலேயே தீர்ப்புச் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் கோவை மண்ணுக்கு வேறொரு மரபு உண்டு. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த ரட்ஜ் வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றிக் களிக்கவில்லை. அதனைப் பாகம் பாகமாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அது எப்படி இயங்குகிறது என்று அதனிடமே கேட்டறிந்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் அவர் தொழிலைத் தொடங்கினார். உடுமலையைத் தொட்டுச் செல்லும் அந்த வழித்தடத்தில்தான் நான் என் வண்டியைப் புரியாமல் தவித்தேன் என்பதை எண்ணும்போது எனக்கு நாணமாக இருக்கிறது. இன்று இருசக்கர வாகனங்களுக்கான ரோலான் செயினும், பிரிகால் மீட்டரும் இதே கோவையில் பிறந்த நிறுவனங்களின் படைப்புகளே. இயந்திரம் அறிந்த ஊரில் வாழ்கிறோம்; வண்டியோடு வந்த கையேட்டை மட்டும் பிரிக்காமலேயே பீரோவில் பூட்டி வைக்கிறோம்!

எனவே, "இழுக்கவில்லை" என்று தோன்றினால், சினம் கொள்ளுமுன் வண்டியிடம் சில கேள்விகள் கேளுங்கள்.

1. என்ஜின் முனகி அதிர்கிறதா? அப்படியாயின் கியர் உயரம். ஒன்றோ இரண்டோ இறக்குங்கள். சரியாகிவிட்டால் குறை கையில்தான்.

2. என்ஜின் இரைகிறது, ஆனால் வேகம் ஏறவில்லையா? அப்படியாயின் கிளட்ச் நழுவுகிறது. புது வண்டியில் கிளட்ச் கம்பி இழுபட்டு அமையும்போது அளவு மாறக்கூடும். பல சிறிய வண்டிகளில் கிளட்ச் பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வாக ஆட வேண்டும். தளர்வே இல்லையென்றால் கிளட்ச் முழுவதுமாகப் பிடிக்காது. காருக்குரிய ஆயிலை ஊற்றினாலும் இந்தக் குறை வரலாம். ஏனெனில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகள் என்ஜின் ஆயிலிலேயே நனைந்திருக்கின்றன.

3. முதலில் தயங்கி, பிறகு வெடுக்கென்று இழுக்கிறதா? செயின் தளர்ந்திருக்கலாம், அல்லது ஆக்சிலேட்டர் கம்பியில் தளர்வு மிகுந்திருக்கலாம். புது செயின் முதல் சில நூறு கி.மீ.க்குள் சற்று நீள்வது இயல்பு. பல வண்டிகளில் செயின் மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆடலாம். சரியான அளவை உங்கள் கையேட்டில் காண்க. அளவுக்கு மேல் இறுக்குவதும் தீங்கே.

4. அதிகாலையில் மட்டும் தயங்குகிறதா? மார்கழிக் குளிரில் ஃபஜ்ர் தொழுகைக்குப் புறப்படும்போது என்ஜின் இன்னும் சூடேறியிருக்காது. முதல் ஓரிரு நிமிடங்கள் மென்மையாக ஓட்டினால் தானே சரியாகும்.

5. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழலவில்லையெனில் பிரேக் உரசுகிறது. டயரில் காற்றுக் குறைந்தாலும் வண்டி கனக்கும்.

6. இவை அனைத்தும் சரியாக இருந்தும், சூடான என்ஜினில், உரிய கியரில், தயக்கம் தொடர்கிறதா? அல்லது மீட்டரில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறதா? அப்போது ஷோரூமுக்குச் செல்லுங்கள். எந்தக் கியர், எந்த வேகம், என்ஜின் சூடா குளிரா என்பதை ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். "பிக்கப் இல்லை" என்பதைவிட, "மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாற்றினால், 40 கி.மீ. வேகத்தில், ஒரு விநாடி தயங்குகிறது" என்பது பழுது பார்ப்பவருக்கு நூறு மடங்கு பயன்படும். கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலத்தில் அது உங்கள் உரிமை. உண்மையான குறையுள்ள வண்டியும் உண்டு. அப்போது விடாமல் கேட்பதில் தவறே இல்லை.

பெட்ரோலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சிறிது குறையலாம். ஆனால் இன்றைய புது வண்டிகள் அதற்கேற்பவே செய்யப்படுகின்றன. கியரில் இருக்கும் குறைக்குப் பெட்ரோல்மீது பழி போட வேண்டாம்.

சைலன்சரை மாற்ற வந்த தம்பி

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது பீளமேட்டில் கல்லூரியில் பயில்கிறார். வயது பத்தொன்பது. சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் என்னைச் சந்தித்தவர், "ஹஜ்ரத், என் புது வண்டியும் இழுக்கவில்லை. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் சீறிப் பாயும் என்கிறார்கள். அத்தாவிடம் பணம் வாங்கித் தருவீர்களா?" என்றார்.

நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நானே தவறியவன் அல்லவா? என் கதையைச் சொன்னேன். வண்டியின் கணினி குறிப்பிட்ட அளவுக் காற்றை எண்ணியே கலவையை அமைக்கிறது. வழியை மாற்றினால் கணக்குப் பிழைபட்டு இருக்கும் இழுவையும் கெடக்கூடும் என்றேன். உத்தரவாதம் மறுக்கப்படலாம் என்பதையும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். பிறகு அவர் பின்னால் ஏறி அமர்ந்து, "போகலாம் தம்பி" என்றேன். உக்கடத்து மெக்கானிக் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன். அவருடைய வண்டியில் கிளட்ச் பிடியில் தளர்வே இல்லை. ஷோரூமில் ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார்கள். ஒரு காசு செலவில்லை.

பிள்ளைகளிடம் ஒன்றை அவசியம் சொல்லுங்கள்: முந்தத் தொடங்கிய பின் கியரைத் தேடக் கூடாது. முன்செல்லும் வண்டியின் பின்னால் இருக்கும்போதே கியரைக் குறைத்து, என்ஜின் தயார் என்று உணர்ந்து, எதிரே முழுச் சாலையும் தெரிந்தால் மட்டுமே வலப்புறம் ஏற வேண்டும். ஐயம் இருந்தால் பின்னாலேயே செல்லலாம். லாரிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் தாமதமாவது ஒன்றும் இழிவு அன்று.

கடைசியாக ஒன்று

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு காலைப் பொழுதில் என் வகுப்பில் அமர்ந்திருந்தேன். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். அவன் வயதினர் அனைவரும் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டனர் என்பதற்காக அவனையும் நான் மேலே ஏற்றியிருந்தேன். கேட்டால் விடை சொல்லத் தயங்குவான். எழுத்தைப் பார்த்து விழிப்பான். "மந்தமான பிள்ளை" என்று அவனுடைய அத்தாவிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்று அவன் திணறியபோது, உடுமலைச் சாலையில் என் கைக்குக் கீழே முனகிய என்ஜினின் நினைவு வந்தது. என் நாவு அடங்கிவிட்டது. ஓசையின்றி அவன் புத்தகத்தை வாங்கி, இரண்டு பாடங்கள் பின்னால் திருப்பி வைத்தேன். "இதிலிருந்து ஓதுவோம்" என்றேன். கூட்டெழுத்துகள் அவனுக்கு அங்கேயே முழுமையாகப் பிடிபடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வாரங்கள் ஆயின. இப்போது அவன் தயங்குவதில்லை. அவனுடைய அத்தாவைச் சந்தித்து, முன்பு சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

கியரைக் குறைப்பது தோல்வி அன்று, அன்பர்களே! சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்ற இடத்தில் நின்று வலிமையைத் திரட்டிக்கொள்வது அது.

இந்த வாரம் உங்கள் வீட்டு வண்டியின் கையேட்டைப் பீரோவிலிருந்து எடுங்கள். கியர் மாற்ற வேண்டிய வேகம், கிளட்ச் அளவு, செயின் அளவு, முதல் சர்வீஸ் நாள் ஆகிய நான்கையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதச் செய்து, சாவி மாட்டும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.